உழவாரப்பணிக் குழு ஊர்ப்பணியில் இறங்கலாமா? வடலூர், ஓமக்குளம், தரங்கம்பாடி அனுபவம் என்ன சொல்கிறது?

மாயவரம்_உழவாரம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மயிலாடுதுறைக்குத் தெற்கே சில ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் உழவாரப்பணிக் குழு எங்களுடையது. மாதக் கடைசி ஞாயிறு ஒரு சிவாலயத்துக்குப் போய்ப் புல் செதுக்குவோம், பிரகாரம் கழுவுவோம், விளக்குமாடத்து எண்ணெய்ப் பிசுக்கு எடுப்போம். சாயங்காலம் திருமுறை ஓதிவிட்டுக் கலைவோம். தவறாமல் வருபவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். குடியானத் தெரு, கடைத்தெரு, காலனித் தெரு என்று மூன்று பக்கத்திலிருந்தும் வருகிறார்கள்.

இப்போது இளைஞர்கள் இரண்டு வேலை சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயல்வேலை நின்றுபோகும் நாட்களில் தினமும் மதியம் கஞ்சி ஊற்றுவது ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு இன்னொன்று. பெரியவர்கள் தயங்குகிறார்கள். கோயில் வேலையோடு நின்றால் ஒற்றுமை நிற்கும், ஊர் விவகாரத்தில் கைவைத்தால் சாதிப் பேச்சு வந்து குழு உடையும் என்பது அவர்கள் கருத்து.

சமய எழுச்சி சமூகச் சீர்திருத்தமாக மாறியது நம் காவிரிப் படுகையில் எங்கே நடந்தது, எந்த வழியில் நடந்தது? எது நின்றது, எது முறிந்தது, ஏன்? பொதுவான பெருமை வேண்டாம். குழுக் கூட்டத்தில் எடுத்து வைக்கிற மாதிரி விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஓமக்குளம்

உங்கள் பெரியவர்களின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் சாதிப் பேச்சு புதிதாக எங்கிருந்தும் வரப்போவதில்லை, இருப்பது வெளியே தெரியப்போகிறது, அவ்வளவுதான். புல் செதுக்கும்போது யாரும் யார் கையிலிருந்தும் வாங்கிச் சாப்பிடுவதில்லை. அவரவர் மண்வெட்டி, அவரவர் தண்ணீர் பாட்டில். அதனால்தான் இத்தனை நாள் உரசல் இல்லை. கஞ்சி என்று வந்த முதல் நாளே யார் சமைப்பது, யார் பரிமாறுவது, யார் எங்கே உட்காருவது என்ற மூன்று கேள்வி எழும். நம் பகுதியில் பக்தி இயக்கங்கள் சீர்திருத்தமாக மாறியதும் மாறாமல் போனதும் இந்த மூன்றில்தான்.

நீங்கள் கையில் எடுத்திருக்கும் உழவாரம் என்ற புல் செதுக்கும் கருவி அப்பருடையது, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம். திங்களூர் அப்பூதியடிகள் அந்தணர். அப்பர் வேளாளர். அப்பூதியடிகள் அப்பரை நேரில் பார்ப்பதற்கு முன்பே தண்ணீர்ப்பந்தலுக்கு அவர் பெயர் வைத்தார், பெற்ற பிள்ளைகளுக்கும் அவர் பெயரையே வைத்தார், வந்தபோது வீட்டுக்குள் அழைத்து இலை போட்டார். வழியில் போகிறவன் தண்ணீர் குடிக்கிற இடத்தில் அந்த மரியாதை எழுதி வைக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். இந்தக் கதையைச் சொல்லும் சேக்கிழாரின் பெரியபுராணத்திலேயே திருவீழிமிழலைப் பஞ்சமும் வருகிறது. அப்பரும் சம்பந்தரும் தனித்தனி மடத்தில் அடியார்களுக்கு அமுது படைக்கிறார்கள். இருவருக்கும் கோயிலில் படிக்காசு, அதாவது அன்றாடச் செலவுக்கான காசு, கிடைக்கிறது. அப்பர் மடத்தில் சோறு நேரத்துக்கு ஆகிவிடுகிறது, சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. காரணம், சம்பந்தர் பெற்ற காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது கழிவு, பிடித்தார்கள். அதை மாற்றிப் பண்டம் வாங்கி வருவதற்குள் பொழுது போய்விட்டது. சேக்கிழார் இவ்வளவு கணக்கு விவரம் சொல்கிறார் என்றால், சமையலறை நேரத்துக்கு நடப்பதும் பக்தியின் பகுதி என்று அவர் கருதியிருக்கிறார்.

அடுத்து வடலூர். இதில் ஆண்டு வரிசைதான் முக்கியம். வள்ளலார் 1865ல் சன்மார்க்கச் சங்கம் தொடங்கினார். 1867 மே 23ல் பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். ஞானசபை வழிபாடு 1872 ஜனவரி 25ல்தான் வந்தது. முதலில் ஆட்கள், அப்புறம் அடுப்பு, கடைசியில் வழிபாட்டிடம். நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழ்: முதலில் மண்டபம் கட்டி, நிதி தீர்ந்தபிறகு அன்னதானத்துக்கு உண்டியல் வைப்பார்கள். வடலூரில் இடத்துக்குப் பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி எழுதிக் கொடுத்தார்கள்; காணிக்கு 1.32 ஏக்கர் என்றால் 100 ஏக்கருக்கு மேல். ஒரு ஜமீன்தார் தானமாக வந்திருந்தால் அவர் மனம் மாறும்போது அடுப்பும் மாறியிருக்கும். ஊரார் சேர்ந்து கொடுத்ததால் அந்த ஆபத்து குறைந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சம் வந்தபோது வள்ளலார் இல்லை, 1874 ஜனவரி 30ல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் திரும்பவில்லை. அடுப்பு இருந்தது. இன்றும் எரிகிறது.

அங்கே ஒரு விதியை உங்கள் குழு அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஞானசபைக்குள் வர, புலால் உண்ணாதவராகவும் கொலை செய்யாதவராகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. தருமச்சாலைச் சோற்றுக்கு எந்த நிபந்தனையும் கிடையாது. பசித்து வந்தவரின் ஊர், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்காமல் போட வேண்டும் என்பதே ஜீவகாருண்ய ஒழுக்கத்தின் அடிப்படை. இந்த இரண்டையும் கலந்துவிட்டால், கறி தின்கிறவன் வரிசையில் நிற்கலாமா என்று யாராவது கேட்பார். நம் ஊரில் அந்தக் கேள்விக்குள் சாதி ஒளிந்திருக்கும். ஓதுவதற்கு விரதம் வையுங்கள், கஞ்சிக்கு வைக்காதீர்கள்.

வடலூரில் முறிந்ததும் இருக்கிறது. சடங்கு வேண்டாம், ஜோதி போதும் என்று நிறுவப்பட்ட சபையில் பின்னாளில் ஆகம வழிப் பூசை நுழைந்தது. 2006ல் அறநிலையத் துறை உத்தரவு போட்டு ஜோதி வழிபாட்டுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. தருமச்சாலை அப்படித் திரியவில்லை. விறகு, அரிசி, தண்ணீர், ஆள் என்று அன்றாடம் ஓடும் வேலைக்குள் பழைய வழக்கம் புகுவது கடினம்; யாராவது வந்து பசிக்கிறது என்று நிற்கிறார்களே!

மூன்றாவது, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த சிவனடியார் நந்தனார். சேக்கிழார் சொல்லும் வரலாற்றில் கொடுமைக்கார ஆண்டை கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் மாயவரத்துக்கு அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார்தான் தம் சரித்திரக் கீர்த்தனையில் வேதியர் ஒருவரை ஆண்டையாகக் கொண்டுவந்தார். சிதம்பரம் போக உத்தரவு கேட்கும் பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்துச் சாகுபடியை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த ஆண்டை. வேலிக்கு 6.67 ஏக்கர் என்று கணக்குப் போட்டால் ஏறத்தாழ 267 ஏக்கர். தஞ்சாவூர்ப் பண்ணையாள் முறை அப்படியே காலட்சேப மேடைக்கு வந்தது. கேட்டவர்கள் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கண்ணீர் பண்ணைக்குள் போகவில்லை. மேடையில் உருகுவதற்கும் மறுநாள் காலை களத்தில் நடப்பதற்கும் நடுவே ஒரு வேலைத்திட்டம் இல்லை.

அந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தவர் சுவாமி சகஜானந்தர். 1890ல் ஆரணிப் பக்கம் பிறந்தவர், கரபாத்திர சுவாமிகளின் சீடர், 1910ல் சிதம்பரம் வந்தார். அங்கே ஓமக்குளத்தில் நந்தனார் பெயரில் மடம், 1916ல் அதே பெயரில் பள்ளி, பிறகு விடுதி. விடுதிதான் இதில் உயிர்நாடி. பண்ணையாள் வீட்டுப் பிள்ளை ஏழு, எட்டு வயதில் மாடு மேய்க்கப் போய்விடும். பகல் பள்ளி மட்டும் நடத்தினால் நடவிலும் அறுப்பிலும் வகுப்பு காலியாகும். சோறும் படுக்க இடமும் கொடுத்தால்தான் படிப்பு தொடரும். சட்டமன்றத்திலும் நீண்டகாலம் இருந்து அதற்கான அரசு ஆதரவைக் கேட்டு வாங்கினார். குருபூசையோடு நின்றிருந்தால் சிதம்பரத்தில் இன்னும் ஒரு மடம் கூடியிருக்கும். பள்ளியால் தலைமுறைகள் படித்து வெளியே வந்தன.

பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள்: சகஜானந்தர் நந்தனாரை விட்டு விலகிப் பள்ளிக்குப் போகவில்லை, நந்தனார் பெயராலேயே போனார். நீங்களும் உழவாரத்தை விட வேண்டியதில்லை.

---

பொறையாறு_அச்சு

ஓமக்குளம் சொன்னதோடு கடற்கரைப் பக்கத்துக் கதையையும் சேர்க்க வேண்டும். அதில் செய்முறை விவரம் நிறைய உண்டு, தோல்வியும் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது.

1706 ஜூலை 9ல் தரங்கம்பாடியில் இறங்கிய கிறிஸ்தவ மிஷனரிகள் சீகன்பால்குவும் புளுட்சோவும் ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி மறுமலர்ச்சியில் வளர்ந்தவர்கள். அந்த இயக்கத்தின் தலைவர் பிராங்கே 1690களில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கியிருந்தார். அவர்கள் நம்பிக்கை எளிமையானது: ஒவ்வொருவரும் வேதத்தை, அதாவது விவிலியத்தை, தாமே வாசித்து மனம் திரும்ப வேண்டும். இதிலிருந்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பதைப் பாருங்கள். தாமே வாசிக்க எழுத்து தெரிய வேண்டும், ஆகவே பள்ளி; பெண்ணுக்கும் ஆத்துமா உண்டு, ஆகவே 1707லேயே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி. வாசிக்கப் புத்தகம் வேண்டும், ஆகவே அச்சு. ஹாலேயிலிருந்து 1713ல் வந்த தமிழ் எழுத்துகள் பருமனாக இருந்தன, அதே நூலுக்குக் காகிதம் ஏராளமாகத் தின்றன. ஆகவே சின்ன எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார்கள். அப்போதும் காகிதம் போதவில்லை, ஆகவே பொறையாற்றில் காகித ஆலை. 1714-15ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. ஒரு இறையியல் கொள்கை எட்டே ஆண்டில் எழுத்து வார்க்கும் பட்டறை வரை இறங்கி வந்திருக்கிறது.

மாயவரம், உங்கள் குழுவுக்கு இதில் நேரான பாடம் உண்டு. நீங்கள் திருமுறை ஓதுகிறீர்கள். காலனித் தெருவிலிருந்து வருபவர்கள் புத்தகம் பார்த்து ஓதுகிறார்களா, கேட்டு ஓதுகிறார்களா? கேட்டு ஓதுகிறார்கள் என்றால் மாலை வகுப்புக்கான காரணம் உங்கள் ஓதலுக்குள்ளேயே இருக்கிறது, வெளியே தேட வேண்டாம்.

இனி முறிந்த இடம். 1718ல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே சாதிவாரியாகத் தனித்தனி இடம் இருந்தது. முதலில் ஆட்கள் வரட்டும், உட்காரும் இடத்தைப் பிறகு சரிசெய்யலாம் என்று விட்டார்கள். 1733ல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் பட்டம் பெற்றார், அவர் வேளாளர். தஞ்சைச் சீமையில் சபைகளை வளர்த்த உபதேசியார் ராஜநாயக்கன் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். திறமையில் யாருக்கும் குறைந்தவர் அல்ல. அவருக்குப் பட்டம் கொடுக்கவில்லை. அவர் கையால் நற்கருணை அப்பமும் ரசமும் வாங்க மற்றச் சாதிக் கிறிஸ்தவர்கள் மறுப்பார்கள் என்று மிஷன் அஞ்சியது. பரிமாறும் கை யாருடையது என்ற அதே கேள்வி! நூறு ஆண்டுக்கு மேல் விட்டுவைத்த சாதிப் பிரிவை 1833ல் பேராயர் வில்சன் ஒரே சுற்றறிக்கையில் ஒழிக்கப் பார்த்தார். தஞ்சாவூரில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது, பலர் சபையை விட்டு விலகினார்கள், புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே எதிர்த்து எழுதினார். சுற்றறிக்கை தவறு என்று நான் சொல்லவில்லை. 1718ல், பாய் விரிக்கும் முதல் நாளில் செய்திருந்தால் பத்துப் பேர் போயிருப்பார்கள். ஒரு நூற்றாண்டு பழகிய பிறகு செய்ததால் சபையே கிழிந்தது. ஆகவே பந்தி வரிசையை முதல் நாளே முடிவு செய்யுங்கள், அது உங்கள் கூட்டத்தைப் பாதியாக்கினாலும் சரி.

---

வெண்ணாற்றங்கரை

நண்பர்கள் இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஒரு பெரிய விஷயம் விடுபட்டிருக்கிறது. கஞ்சியும் பள்ளியும் வந்தன, நிலமும் கூலியும் எங்கே? தஞ்சாவூர் மாவட்டத்தில் 1940கள் வரை பண்ணையாளுக்குச் சவுக்கடியும், சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. அந்தப் பண்ணைகளில் கோயில் நிலமும் மடத்து நிலமும் கணிசம். தேவாரம் ஓதிய மண்டபத்துக்கு நெல் வந்தது அந்த நிலத்திலிருந்துதான். அதை நிறுத்தியது பக்தி இயக்கம் அல்ல, 1943ல் தென்பரையில் தொடங்கி பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கம். அதன் அழுத்தத்தில்தான் 1952ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சாகுபடி செய்தவருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. 1956 நியாய வாரச் சட்டம் அதை 60 சதவீதம் ஆக்கியது.

ஆன்மிகப் பின்னணியிலிருந்து நிலத்தைத் தொட்ட ஒரே பெரிய முயற்சி காந்திய வழி வந்த சர்வோதயம். அதிலும் நிலத்தைத் தானமாகக் கேட்டு வாங்கும் பூமிதானத்தின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது: மேடையில் அறிவித்த நிலம் பல இடங்களில் களர், அல்லது வழக்கில் இருந்தது, அல்லது பட்டா மாறவே இல்லை. மனமாற்றம் நடந்தது, பத்திரப்பதிவு நடக்கவில்லை. 1968 டிசம்பர் 25ல் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு சர்வோதயத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் நாகைப் பக்கம் வந்து தங்கி வேலை செய்தார்கள். அவர்கள் வழிமுறை மாறியிருந்தது. பிரார்த்தனையும் பாதயாத்திரையும் தொடர்ந்தன, ஆனால் நிலத்தைத் தானமாகக் கேட்பதோடு நிற்கவில்லை. விற்கத் தயாராக இருந்த மிராசுதாரோடு விலை பேசி, கடனும் அரசு உதவியும் ஏற்பாடு செய்து, குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பதிவு செய்தார்கள். 1981ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி என்ற நில உரிமை அமைப்பு வழியாக ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நிலம் வந்தது. பெண் பெயரில் எழுதியதால் குடிக்காகவோ கடனுக்காகவோ நிலம் கைமாறுவது கடினமானது.

நான் கஞ்சி ஊற்றாதீர்கள் என்று சொல்லவில்லை. வரிசையில் நிற்பவரிடம் வேலை அட்டை இருக்கிறதா, நூறு நாள் வேலைக் கூலி பாக்கியா, முதியோர் உதவித்தொகைக்கு மனு போட்டாயிற்றா என்று கேட்டு எழுதும் ஒரு ஆள் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். அது இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியிலும் அதே ஆட்கள் அதே வரிசையில் நிற்பார்கள்.

---

ஓமக்குளம்

தோழர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மடத்து நிலம் பற்றிய கேள்விக்குப் பக்தி இயக்கங்கள் பதில் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் சங்கம் கட்டவும் கூலி கேட்கவும் நிமிர்ந்து நிற்கும் ஆள் வேண்டும். மனு எழுதத் தெரிந்த முதல் தலைமுறையை உண்டாக்கியதில் நந்தனார் பள்ளிக்கும் மிஷன் பள்ளிகளுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் எதிரெதிரே நிறுத்த வேண்டியதில்லை. எழுதும் ஆளை அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும் யோசனை மிக நல்லது.

---

மாயவரம்_உழவாரம்

மிக்க நன்றி ஐயா, எல்லோருக்கும். இதை அச்செடுத்துக் கூட்டத்தில் வாசித்தோம். பெரியவர்களில் இருவர் இன்னும் தயங்குகிறார்கள், மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். முதலில் கஞ்சி மட்டும், நாளுக்கு நூறு பேர், முப்பது நாள் என்று நினைக்கிறோம். அளவு, செலவு குறைக்கும் வழி, பதிவு விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோயில் மடப்பள்ளியில் சமைக்கலாமா?

---

திருவையாறு_அடுப்படி

மடப்பள்ளி வேண்டாம் தம்பி. அங்கே யார் நுழையலாம் என்பதற்குப் பழைய வழக்கம் இருக்கும். முதல் நாளே அந்தச் சண்டையை இழுத்து வைத்துக்கொள்வானேன்? சமுதாயக்கூடம், அல்லது மூன்று தெருவுக்கும் பொதுவான இடத்தில் தகரக் கொட்டகை. கோயில் வளாகத்துக்குள் விநியோகம் மட்டும் என்றாலும் செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள்.

நூறு பேருக்கு மதியக் கஞ்சி: புழுங்கலரிசி நொய் 6 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு ஒன்றரைக் கிலோ, பூண்டு கால் கிலோ, வெந்தயமும் சீரகமும் 100 கிராம் வீதம், உப்பு 350 கிராம், தண்ணீர் 48 லிட்டர். வெந்து வரும்போது ஏறத்தாழ 50 லிட்டர் நிற்கும், ஆளுக்கு அரை லிட்டர். 50 லிட்டர் அண்டாவில் இதைச் செய்யாதீர்கள், பொங்கி அடுப்பை அணைத்துவிடும். 70 லிட்டர் அண்டா வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் நொய் போட வேண்டும். ஆறிய தண்ணீரில் போட்டால் நொய் அடியில் படிந்து பிடிக்கும், அந்தத் தீய்ந்த வாசனை அண்டா முழுவதும் ஏறிவிடும். முதல் இருபது நிமிஷம் துடுப்பை நிறுத்தக் கூடாது. உப்பு கடைசியில்.

தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய் போதும். தேங்காய்த் துவையல் ருசிதான், ஆனால் ஈர நாளில் இரண்டு மணிக்குள் புளித்துவிடும். சமைத்த நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தை இரவுக்கு எடுத்து வைக்காதீர்கள். நூறு பேருக்கு ஊற்றும் இடத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலும் ஊர் அதைத்தான் பேசும். குடிக்கும் தண்ணீரையும் காய்ச்சியே வையுங்கள், அடைமழையில் குழாய்த் தண்ணீரை நம்ப முடியாது. உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிசிக்குப் பிடி அரிசிதான் வழி. வீட்டுக்கு ஒரு கலயம், உலை வைக்கும்போது தினம் ஒரு பிடி. ஒரு பிடி 40 கிராம் என்று வைத்தால் 150 வீட்டிலிருந்து நாளுக்கு 6 கிலோ, அதாவது உங்கள் ஒரு நாள் அண்டா. முப்பது நாளுக்கு 180 கிலோ. ஆவணியிலேயே கலயம் கொடுத்தால் ஐப்பசி முதல் தேதி அடுப்பு மூட்டும்போது கையில் இருப்பு இருக்கும். இதில் கெடுவது இரண்டு. பச்சரிசி, புழுங்கல், பழசு, புதுசு எல்லாம் கலந்து வருவதால் ஒரே பதத்தில் வேகாது. மொத்தத்தையும் மில்லில் உடைத்து நொய்யாக்கிவிட்டால் வித்தியாசம் அடங்கும். வண்டு இன்னொன்று, வாங்கிய அன்றே வெயில் காட்டி, வேப்பிலைச் சருகு போட்டு மூடி வையுங்கள். யாராவது ரேஷன் அரிசியை மூட்டையாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள், கடத்தல் கணக்கில் போய்விடும்.

முக்கியமானது இது. மூன்று தெரு அரிசியையும் ஒரே தொட்டியில் கொட்டுங்கள். ஒரு தெரு அரிசியைத் தனிச் சாக்கில் வைக்கச் சொல்லி யாராவது நைச்சியமாகப் பேசுவார்கள், புழுங்கல் தனியாக இருக்கட்டும் என்று காரணம் சொல்வார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். தொட்டியில் கலந்த அரிசிக்குத் தெரு கிடையாது. கஞ்சியைக் காலனித் தெருவுக்கு மட்டும் வாளியில் கொண்டுபோய் ஊற்றுவதும் கூடாது. அது தர்மமாகிவிடும், சமபந்தி ஆகாது. குழுவில் இருப்பவர்களும் தயங்கும் அந்தப் பெரியவர்களும் அதே வரிசையில் உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடிக்க வேண்டும். துடுப்பு பிடிப்பதும் பரிமாறுவதும் வாரமுறை, சீட்டுக் குலுக்கி. விருப்பப்படி என்று விட்டால் பதினைந்து நாளில் சமைக்கிறவர்கள் ஒரு தெரு, பாத்திரம் கழுவுகிறவர்கள் ஒரு தெரு என்று தானாகவே பிரிந்துவிடும். பெண்கள் காலையில் நொய் புடைக்க வந்தால் பரிமாறும் முறையிலும் அவர்கள் பெயர் இருக்க வேண்டும்.

---

பொறையாறு_அச்சு

பதிவு விவரம்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு. செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. அந்த ஏழில் மூன்று தெருவும் இருக்கட்டும். பொருளாளர் பொறுப்பைத் தெரு மாற்றி மாற்றிக் கொடுப்பதாகத் துணைவிதியிலேயே எழுதுங்கள். ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது என்பதையும் துணைவிதியில் ஒரு வரியாகப் போடுங்கள். பத்து ஆண்டு கழித்து வருகிற நிர்வாகி அதை மாற்ற வேண்டுமானால் பொதுக்குழுவைக் கூட்டி, எல்லார் முன்னிலையிலும் வாயைத் திறந்து கேட்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு இருவர் கையெழுத்தில். கோயில் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டாதீர்கள், சங்கத்தின் பெயரில் ரசீது கொடுத்து வாங்குங்கள்.

---

மாயவரம்_உழவாரம்

குறித்துக்கொண்டோம் அண்ணா. கலயம் வாங்க ஆள் அனுப்பியாயிற்று. மாலை வகுப்பைத் தை அறுப்பு முடிந்து மாசியில் தொடங்கலாமா?

---

ஓமக்குளம்

மாசி சரியான மாதம், பிள்ளைகள் களத்திலிருந்து திரும்பியிருப்பார்கள். ஒரு ஆசிரியருக்கு இருபது பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியுங்கள், நடுவில் சுண்டல். இடம் காலனித் தெருவிலேயே இருக்கட்டும், மற்றத் தெருப் பிள்ளைகள் அங்கே வரட்டும். மறுபடியும் அவர்களையே நடக்க வைக்காதீர்கள். முதல் மாதம் குடியானத் தெருவிலிருந்து யாரும் அனுப்பாமல் போகலாம். கணக்குப் பாடத்துக்கு நல்ல ஆசிரியர் போட்டால் பொதுத்தேர்வு நெருங்கும்போது வருவார்கள்.

---

திருவையாறு_அடுப்படி

ஒன்று விட்டுப்போயிற்று. நொய் உடைக்கப் புரட்டாசி முதல் வாரத்திலேயே மில்லில் சொல்லிவையுங்கள். தீபாவளி நெருங்கினால் முறுக்கு மாவுக் கூட்டத்தில் உங்கள் மூட்டை வாரக்கணக்கில் கிடக்கும். விறகும் அப்போதே வாங்கிக் கொட்டகைக்குள் அடுக்கிவிடுங்கள், சவுக்கு என்றால் நல்லது. நனைந்த விறகில் 48 லிட்டர் கொதிக்க மத்தியானம் ஆகிவிடும். கைவசம் ஒரு 19 கிலோ சிலிண்டரும் இருக்கட்டும்.